ரெகொபோத் என்று எழுதிய கல்

போர்வெல் போடும் ரிக் லாரி பின்பக்கமாக வாசலுக்குள் வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் பிறந்து, இப்போது முப்பதைத் தாண்டி, இடுப்பில் ஒரு பிள்ளையோடு அடுப்படியில் நிற்கும் என் வயதுப் பெண்கள் எல்லோருமே ஏதாவது ஒரு கோடையில் அதைப் பார்த்திருப்போம். அந்த உறுமல் இன்றைக்கும் எங்காவது கேட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. பயமா சந்தோஷமா என்று யோசிப்பேன். சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன். முக்கால் பங்காவது சந்தோஷம்தான்.

போன வாரம் எங்கள் புது வீட்டுக் கேட்டுக்கு என்ன பெயர் எழுதலாம் என்று என் கணவர் கேட்டார். எங்கள் சபைக்காரர்கள் வீடு கட்டினால் வேதத்திலிருந்து ஒரு ஊர்ப் பெயரை எடுத்து வாசலில் வைப்பது வழக்கம். பெத்தேல், எபெனேசர், சீயோன் என்று ஒரே தெருவில் மூன்று நான்கைப் பார்க்கலாம். என் வாயில் ரெகொபோத் என்றுதான் வந்தது. பல்லுக்குள்ளேயே நிறுத்திக்கொண்டேன். ஏன் நிறுத்தினேன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் எனக்கே தெளியும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். மகள் தூங்குகிறாள், எழுந்துவிடுவாளோ என்று ஒரு காது அங்கேயே இருக்கிறது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை அது. புதுச்சத்திரத்தில் பெரிய ரோட்டை விட்டு ஒதுங்கி, ஒரு மண் தடத்தின் கடைசியில் அப்பா வீடு கட்டியிருந்தார். கட்டியிருந்தார் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். சுவர் பூசவில்லை, ஜன்னலுக்குக் கதவு இல்லை, சாக்குதான் தொங்கியது. ஆனால் நாமக்கல்லில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் மல்லாந்து படுத்தால் அடுத்தவர் கால் இடிக்கும். இங்கே நான் கையை விரித்துக்கொண்டு சுற்றலாம். குடி வந்த அன்றைக்கு நானும் தம்பியும் தலைசுற்றி விழும்வரை சுற்றினோம். தம்பி அப்போதுதான் நடை பழகி ஓட ஆரம்பித்திருந்தான்.

அந்த இடத்தை எங்களுக்கு விற்றவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர். நான் அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிட்டேன். நாங்கள் வேதக்காரர்கள், அவர்கள் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிறவர்கள், ரத்த உறவெல்லாம் கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர்களுக்கு என் வயதில் ஒரு மகள். அவள்தான் என் கூட்டாளி. வேலியில் இரண்டு முள்ளுக் கொம்பை விலக்கி நாங்கள் போட்டு வைத்திருந்த ஓட்டை இருவருக்கும் சரியாக இருக்கும்.

வீட்டில் எல்லாம் இருந்தது, தண்ணீர் மட்டும் இல்லை. வீடு கட்டும்போதும் சரி, குடி வந்த பிறகும் சரி, மாமாவின் போர்க்கிணற்றிலிருந்துதான் எடுத்துக்கொண்டோம். அந்த வருடம் மழை பொய்த்திருந்தது. ஏரி வெடித்துக் கிடந்தது. மாமாவின் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடே இலை வாடி நின்றது. அப்படியும் அத்தை குடத்தை மறுத்ததில்லை. ஆனால் எத்தனை நாளைக்கு அடுத்த வீட்டில் குடம் நீட்டுவது என்று அம்மாவுக்கு வெட்கம். தண்ணீர் வராவிட்டால் இந்த இடத்தை விற்றுவிட்டுப் பழையபடி நாமக்கல்லுக்கே வந்துவிடுங்கள் என்று அம்மாவின் அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் சபை வாசலில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு வந்தாலே நான் தம்பியை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். அந்த வாடகை வீட்டில் சுற்ற முடியாது.

அப்பா போர் போட முடிவு செய்தார். அதோடு ஒரு கல்லும் செய்தார்.

அப்பாவின் வேலையைச் சொன்னால்தான் கல்லைப் புரிந்துகொள்ள முடியும். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அப்பா எழுத்து எழுதுகிறவர். புது லாரியின் நெற்றியில் முதலாளி சொல்கிற சாமி பெயரையும் பிள்ளைகள் பெயரையும் எழுதுவார். சிவப்பு எழுத்து, மஞ்சள் நிழல், ஓரத்தில் ஒரு கொடி. எத்தனையோ முருகனையும் மாரியம்மனையும் எழுதிய கை அது. எழுதி முடித்தபின்தான் வண்டி பட்டறையை விட்டு வெளியே போகும். பெயர் இல்லாத வண்டி முதல் லோடு ஏற்றாது. ஒரு அடிகூட ஓடாத வண்டிக்குப் பெயர் வைத்தே பழகியவர், ஒரு சொட்டுகூட வராத கிணற்றுக்கும் அப்படியே வைத்துவிட்டார்.

கடப்பைக் கல் பலகை அது. வீட்டில் அலமாரித் தட்டுக்கு வாங்கியதில் மீந்தது. அப்பா அதன்மேல் சுண்ணாம்புக் கட்டியால் எழுத்தை வரைந்தார். கல் கொத்துகிறவர் ஒருவரைக் கூட்டிவந்து வெட்டி, பள்ளத்தில் வெள்ளைப் பெயிண்ட் விட்டார். ரெகொபோத். கூட்டாளி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இது மாத்திரைப் பெயர் மாதிரி இருக்கிறது என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிறு வகுப்பில் அம்மா சொன்ன கதையை அவளுக்கு ஒரே மூச்சில் ஒப்பித்தேன். ஈசாக்கு என்று ஒருவர், அவர் அப்பா வெட்டிய கிணறுகளை எல்லாம் பெலிஸ்தர்கள் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிட்டார்கள், அவர் திரும்பத் திரும்ப வெட்டினார், கடைசியாக ஒன்று கிடைத்தது, அதற்கு ரெகொபோத் என்று பெயர் வைத்தார். எபிரெய மொழியில் அதற்கு அகலமான இடம், தாராளமான இடம் என்று அர்த்தம். "அப்போ தண்ணி வருமா?" என்று கேட்டாள். கட்டாயம் வரும் என்றேன். அப்பாவும் அப்படித்தான் நம்பினார். கல்லில் வேத வார்த்தை இருக்கிறது, வராமல் போகுமா?

போர் எங்கே போடுவது என்பதில் ஒரு விஷயம். ஊரில் எல்லோரும் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டி வருவார்கள். அப்பா அதை ஒப்புக்கொள்ளவில்லை, ஜெபம் போதும் என்றார். ஆனால் ஜெபித்தவர் நேராகப் போய் வேலியோரமாக, மாமாவின் போருக்கு மிகப் பக்கத்தில் ஒரு வேப்பங்கன்றின் அருகே கம்பியை நட்டார். அங்கே தண்ணீர் இருப்பது கண்ணுக்குத் தெரிந்த விஷயம், அதனால்தான். மாமாவிடமும் கேட்டார். மாமா ஒரு வார்த்தை தடை சொல்லவில்லை. பூமிக்குள் ஓடுவது எல்லோருக்கும் பொது, தாராளமாகப் போடுங்கள் என்று சொன்னதாக அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். அது ரொம்ப முக்கியம் என்று இப்போது எனக்குப் படுகிறது. அவர் பின்னால் எவ்வளவு கோபப்பட்டாரோ, அதில் பாதி அந்த வார்த்தையைச் சொன்ன தன் வாய்மேல்தான் இருந்திருக்கும்.

ரிக் வந்த காலையை எப்படிச் சொல்வது! திருச்செங்கோட்டு வண்டி. தடத்துக்கு அதன் அகலம் மட்டும்தான் இடம். இரண்டு பக்கமும் கிளுவை வேலிக் கொம்புகள் முறிந்து பால் வடிந்தன. பின்னாலேயே கம்பிகளை ஏற்றிய இன்னொரு லாரி. தடத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அந்தப் புழுதிக்குள் ஓடிவந்தோம். ரிக்கின் நான்கு இரும்புக் கால்களும் தரையில் இறங்கி, முழு லாரியும் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றபோது நானும் கூட்டாளியும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். படுத்திருந்த கோபுரம் மெல்ல எழுந்து எங்கள் வீட்டைவிட உயரமாக நின்றது.

போதகர் ஜெபிக்க வந்திருந்தார். ரிக்கின் டிரில்லர் அண்ணன் தட்டில் சூடமும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு நின்றார். "சாமி கும்புடாம ராடு எறக்க மாட்டோமுங்க" என்று அவர் அப்பாவிடம் பணிவாகச் சொன்னார். அப்பா போதகரைப் பார்த்தார். போதகர் கண்ணை மூடி ஆரம்பித்துவிட்டார். ஆபிரகாமில் தொடங்கி ஒவ்வொரு கிணறாக வந்தார். டிரில்லர் அண்ணன் பாதியில் தட்டை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றார். ஆமென் சொன்னதும் அப்பா போதகருக்கு மோர் கொண்டுவர வீட்டுக்குள் போனார். போனவர் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்தார். வெளியே வந்தபோது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது.

அப்புறம் சத்தம். காதுக்குள் இல்லை, பல்லுக்குள் கேட்கும் சத்தம். முதலில் செம்மண் பறந்தது, பிறகு மஞ்சள், பிறகு மாவு மாதிரி சாம்பல் நிறப் பொடி. வேப்பங்கன்று, வீடு, அம்மாவின் தலைமுடி எல்லாம் வெளுத்துப்போனது. தம்பி இட்லி மாவில் விழுந்தவன்போல் இருந்தான். ஒவ்வொரு கம்பி இறங்கும்போதும் ஒரு கை பொடியை எடுத்து வரிசையாகத் தரையில் குவித்து வைத்தார்கள். நாங்கள் இருவரும் அந்தக் குவியல்களின் பக்கத்தில் குந்தி, விரலை விட்டு விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்தோம். சூடாக இருந்தது. மதியம் ஆகியும் சூடாகவே இருந்தது. அப்பா கல்லின் மேல் படிந்த பொடியைத் துண்டால் துடைப்பதும், திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தார். எனக்கு நாமக்கல் வீட்டின் இருட்டு நடை கண்ணில் வந்தது.

திடீரென்று சத்தம் மாறியது. உறுமிக்கொண்டிருந்தது கொப்பளிக்க ஆரம்பித்தது. பொடி பறப்பது நின்று குழாய் வாயிலிருந்து சேறு வாரி அடித்தது. அதன்பின் ஒரு வெள்ளை நுரை, ஒரே பாய்ச்சலில் ரிக் கோபுரத்தின் பாதி உயரத்துக்கு! டிரில்லர் அண்ணன் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவ்வளவுதான், நாங்கள் எல்லோரும் அதற்குள் இருந்தோம். பூமிக்கு அடியிலிருந்து வருகிற தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கல்வாசம், தீப்பொறி வாசம், கொஞ்சம் எண்ணெய் வாசம். அம்மா சேலையோடு வந்து நின்றாள். எப்போதும் முக்காடு நழுவாத அம்மா, முகத்தை நிமிர்த்தி வாயைத் திறந்துகொண்டு நின்றாள். அப்பா அழுதுகொண்டிருந்தார். நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டாளி மட்டும் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கத்தினாள். "எங்க போர்லயும் பொங்குதுடி!"

உண்மைதான். மாமாவின் போர்க் குழாய் வழியாகவும் காற்று சீறி, சேற்று நுரை பொங்கி வழிந்தது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு தண்ணீர் கேட்டோம், இரண்டு கிடைத்திருக்கிறது! ஓட்டை வழியாக அந்தப் பக்கம் ஓடி அதையும் மிதித்துக் குதித்தோம். நான் நிமிர்ந்து பார்த்தபோது அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். மாமா அசையவில்லை. இங்கே அடிக்கிற காற்று அங்கே போய் வருகிறதென்றால், இரண்டும் ஒரே நீரோட்டம் என்று அர்த்தம். பெரியவர்களுக்கு அது தெரிந்துவிட்டது. நாங்கள் இன்னும் குதித்துக்கொண்டிருந்தோம்.

மாமாவின் மோட்டார் முதலில் கலங்கலாக இறைத்தது. பிறகு விட்டு விட்டு இறைத்தது. பிறகு வெறும் காற்றைத் துப்பியது. எங்கள் போர் அவர்கள் போரைவிட ஆழம், தண்ணீர் இங்கே இறங்கிவிட்டது. மாமா வேலியோரம் வந்து நின்று, நான் விற்ற பூமியில் நின்றுகொண்டே என் வாய்த்தண்ணீரைப் பிடுங்கிக்கொண்டீர்கள் என்றார். அப்பாவும் சும்மா இருக்கவில்லை. கேட்டுவிட்டுத்தானே போட்டோம், கர்த்தர் கொடுத்ததை நான் என்ன செய்வது என்றார். இரண்டு பேரும் எட்டூருக்குக் கேட்கும்படி பேசினார்கள். 'ங்க' மட்டும் கடைசிவரை போகவில்லை. அவ்வளவு கோபத்திலும் ஒருவரை ஒருவர் மரியாதையாகவே திட்டிக்கொண்டதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

மறுநாள் மாமா வேலமுள்ளை வெட்டி லாரித் தடத்தின் குறுக்கே போட்டார். தடம் அவருடைய பூமியில் வருவது. ஆள் நடக்க வழி விட்டார், வண்டிக்கு இல்லை. மோட்டார் இறக்குகிற லாரி ரோட்டிலிருந்தே திரும்பிப் போய்விட்டது. நிலைமையைப் பாருங்கள். எங்களிடம் தண்ணீர் இருந்தது, தூக்க மோட்டார் இல்லை. அவர்களிடம் மோட்டார் இருந்தது, தண்ணீர் இல்லை. இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே ரோட்டுக் குழாயில் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடத்தோடு நின்றார்கள். எங்கள் வேலி ஓட்டையில் யாரோ முள்ளைச் செருகியிருந்தார்கள். அம்மாவின் அண்ணன் இந்த முறை சபை வாசலில் சொல்லவில்லை, வீட்டுக்கே வந்து, இடத்துக்கு ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டார். அப்பா அவருக்கு உட்கார நாற்காலி போட்டார். வேண்டாம் என்று சொல்லாதது எனக்குப் பயமாக இருந்தது.

போரின் வாய் அப்போது தரையோடு தரையாக இருந்தது. மேலே சிமெண்ட் மேடை கட்டலாம் என்று குழாயைத் தாழ்வாக வெட்டச் சொல்லியிருந்தார் அப்பா. சாக்கை மடித்துக் கயிற்றால் கட்டியிருந்தோம். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா சாக்கை அவிழ்த்து ஒரு கூழாங்கல்லை உள்ளே போட்டுக் காட்டுவார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். வெகுநேரம் ஒன்றும் கேட்காது. பிறகு எங்கோ ஒரு 'டுப்'. அந்தச் சத்தத்தைக் கேட்டால் தம்பி கைதட்டுவான். நானே எத்தனை முறை அவனுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். இதை எழுதும்போது எழுந்துபோய் மகள் தூங்குவதை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். இன்றைக்குத் தொலைக்காட்சியில் மூடாத போர்க்குழி என்ற வார்த்தையைக் கேட்டாலே நாம் சேனலை மாற்றுகிறோம். அன்றைக்கு அதைச் சுற்றிக் கைதட்டினோம்.

ஒருநாள் மதியம். நானும் அம்மாவும் ரோட்டுக் குழாய்க்குப் போயிருந்தோம். அப்பா பட்டறைக்கு லீவு போட்டிருந்தார், தம்பியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தவர் தூங்கிப்போனார். நாங்கள் குடத்தோடு திரும்பும்போது அப்பா வேப்பங்கன்று அருகே நின்று கத்திக்கொண்டிருந்தார். கன்றின்மேல் சாய்த்து வைத்திருந்த பெயர்க் கல்லைக் காணோம். அது போரின் வாய்மேல் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரு பெரிய உருண்டைக் கல் வேறு ஏற்றியிருந்தது. ஈசாக்கின் கிணற்றைப் பெலிஸ்தர்கள் தூர்த்த மாதிரி என் கிணற்றையும் தூர்த்துவிட்டார்கள், பார் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். வேத வார்த்தையைக் குப்புறப் போட்டு மிதித்துவிட்டார்கள் என்றார். தடத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அப்போது அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றாள். அவள் இடுப்பில் தம்பி இருந்தான். முழங்காலெல்லாம் சேறு. மூடிய கைக்குள் கூழாங்கற்கள்.

"பையன் சாக்க அவுத்துப்போட்டுக் குனிஞ்சு பாத்துட்டு இருந்தானுங்க" என்றாள் அத்தை. "முள்ளத் தாண்டி வந்து தூக்குனேன். மூடறதுக்கு வாட்டமா அந்தக் கல்லுதான் இருந்துச்சு. பேரு எழுதுன கல்லுன்னு தெரியுமுங்க. புள்ள உழுந்துட்டா, பேரு இருந்து என்னங்க பண்ணும்?"

அம்மாவின் தலையிலிருந்த குடம் கீழே விழுந்து தண்ணீர் அப்படியே மண்ணுக்குள் போனது. அத்தையின் முன்கையில் முள் கிழித்து ரத்தம் கோடாக வந்திருந்தது. தம்பி என்னைப் பார்த்ததும் கையை விரித்துக் கற்களைக் காட்டிச் சிரித்தான்.

அன்று சாயங்காலம் அம்மா அரிசி களைந்துகொண்டே பேசினாள். அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஞாயிறு வகுப்புக்காக அந்தப் பகுதியைத் திரும்ப வாசித்தேன் என்றாள். அம்மா அப்பாவிடம் எதையும் நேராகச் சொல்ல மாட்டாள். முதலில் உப்பு போதுமா என்று கேட்பாள். அன்றைக்கு நேராகச் சொன்னாள்.

"ஏனுங்க, ஈசாக்கு வெட்டுன மொதக் கெணத்துலயும் தண்ணி வந்துச்சு. ரெண்டாவதுலயுந்தான் வந்திருக்கோணும், இல்லாட்டி எதுக்கு அடிச்சுக்குவாங்க? எங்களுது எங்களுதுன்னு சண்டை வந்ததால ஒண்ணுக்கு ஏசேக்குன்னு பேரு, வாக்குவாதமாம். இன்னொண்ணு சித்னா, அது பகை. மூணாவதுல யாரும் சண்டைக்கு வல்ல. அப்பறந்தான் ரெகொபோத்துன்னு பேரே வெக்கறாரு."

அப்பா திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பேரு தண்ணிக்கு இல்லீங்க. சண்டை நின்னதுக்கு. நீங்க லாரிக்கு எழுதற மாதிரி, ஓடறதுக்கு முந்தியே எழுதிப்போட்டீங்க."

அப்பா எழுந்துபோய் வாசல்படியில் நின்றார். பிறகு, அப்படியானால் வெளியே கிடப்பது எந்தக் கிணறு என்று மெல்லக் கேட்டார். அம்மா அரிசித் தண்ணீரைச் சாய்த்தாள். ஏசேக்கு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை என்று நினைக்கிறேன்.

விடிந்ததும் அப்பா சட்டை போட்டுக்கொண்டு, ரோட்டைச் சுற்றி, முள்ளைத் தாண்டி, மாமா வீட்டுக்கு முறையாக வாசல் வழியாகப் போனார். நானும் பின்னாலேயே போனேன். மாமா எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. பையனைக் காப்பாற்றினீர்கள், இனி உங்களுக்கு வேண்டுகிற தண்ணீரை நாங்கள் தருகிறோம் என்றார் அப்பா. மாமா தவிடு ஒட்டிய கையோடு எழுந்தார்.

"தானமாக் குடுத்தா எங்க எருமைகூடக் குடிக்காதுங்க" என்றார். "மொறைன்னா பேசுங்க."

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. பங்காளிகள் ஒரே கிணற்றை வைத்துக்கொண்டு, உனக்கு இந்த நேரம், எனக்கு இந்த நேரம் என்று முறை வைத்து இறைப்பார்கள். முறைக்காரன் கிணற்றில் பங்குக்காரன். அவன் கேட்டு வாங்குகிறவன் இல்லை. மாமாவின் மோட்டாரைக் கழற்றி எங்கள் போரில் இறக்குவது, மோட்டார் அவருடையது, தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் என்று அவரே சொன்னார். அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். எனக்குத் தவிட்டு வாசனையில் தலை சுற்றியது, அல்லது சந்தோஷத்தில். நாமக்கல்லுக்குப் போக வேண்டியதில்லை!

கடைசியாக மாமா, அந்தக் கல்லில் என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டார். அப்பாவுக்குச் சொல்லக் கூச்சம். நான் முந்திக்கொண்டு, சண்டை போடாத கிணறு, எல்லோருக்கும் இடம் இருக்கிற கிணறு என்றேன். மாமா என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத எழுதி வெச்சுட்டுத்தான் இந்தப் போடு போட்டீங்களா?" என்றார். உள்ளே அத்தை சிரித்த சத்தம் கேட்டது. "கல்லு அப்பிடியே கவுந்து கெடக்கட்டுமுங்க. கெழங்கு புடுங்கற வரைக்கும் பாப்போம். அதுவரைக்கும் சண்டை வல்லைன்னா நானே தூக்கி வெக்கறேன்."

அந்தக் கோடையின் மீதி நாட்களைத்தான் நான் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். முள் போனது. வேலியில் ஓட்டை திரும்ப வந்தது. முதல் ஓட்டையைவிடப் பெரிது, அத்தையே புகுந்து வரலாம். காலையில் அவர்கள் முறை, சாயங்காலம் எங்கள் முறை. முறை மாறும்போது கூவுகிற வேலையை நானும் கூட்டாளியும் எடுத்துக்கொண்டோம். தொண்டை கிழிய "மொறை! மொறை!" என்று கத்துவோம், ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எருமை குடித்தது. முதல் நாள் அது தொட்டியில் வாய் வைக்கும்வரை நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம்.

உரசல் வராமல் இல்லை. ஒருநாள் மாமா முறை தாண்டியும் கிழங்குக் காட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அப்பா எழுந்தார். மோட்டார் இறக்கும்போது கல்லைக் கவிழ்ந்தபடியே வாசலுக்கு நகர்த்தியிருந்தோம். அம்மா அதன் மேல் போய் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். அப்பா திரும்ப உட்கார்ந்துவிட்டார். இன்னொரு நாள் அப்பா சுவர் பூச்சுக்கு அதிகமாக இறைத்துவிட்டார். அன்றைக்கு அத்தை வந்து அதே கல்லில் உட்கார்ந்து மாமாவுக்குக் கேட்கும்படி கிழங்கு எப்போது பிடுங்குவது என்று கேட்டாள். துணி துவைக்கவும், கடலை உடைக்கவும், தம்பியைக் குளிப்பாட்டவும் அந்தக் கல்தான். அதன் அடியில் பெயர் இருப்பது எனக்கும் கூட்டாளிக்கும் ரகசியம் மாதிரி குறுகுறுவென்று இருந்தது. விரலை மண்ணுக்குள் விட்டு எழுத்தைத் தடவிப் பார்ப்போம்.

மழை வந்து, கொல்லிமலை பச்சையாகத் தெரிய ஆரம்பித்தபின் கிழங்கு பிடுங்கினார்கள். அன்றைக்கே மாமா கடப்பாரையோடு வந்தார். சொன்ன சொல்படி அவரே கல்லை நெம்பி நிமிர்த்தினார். எழுத்துக்குள் மண் அடைத்து, ஒரு மண்புழுவும் இருந்தது. அப்பா புது பிரஷ் எடுத்து வந்தார். போர் மேடையில் கல்லைப் பதித்ததும் போதகர் ஜெபித்தார். இந்த முறை சுருக்கமாக முடித்தார். ஆமென் சொன்ன கையோடு அத்தை முன்னால் வந்து, கல்லின் நெற்றியில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, கும்பிட்டுவிட்டு நகர்ந்தாள்.

அப்பா மூச்சை இழுத்துக்கொண்டு போதகரைப் பார்த்தார். சபைக்காரர்கள் நாலு பேர் நின்றார்கள். போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அப்பா குங்குமத்தைத் தொடவில்லை, கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். மழைக்குக் குங்குமம் போய்விடும், அத்தை திரும்ப வைப்பாள். வருடா வருடம் கிழங்கு பிடுங்குகிற அன்றைக்கு வைத்துக்கொண்டே இருந்தாள். இப்போதும் எழுத்துப் பள்ளங்களில் வெள்ளைப் பெயிண்டுக்கு நடுவே மஞ்சள் ஏறியிருக்கும். போன முறை மகளைக் கூட்டிப் போயிருந்தபோது அவள் அதை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தாள்.

என் கணவருக்கு இதையெல்லாம் சொன்னால், கதை நன்றாக இருக்கிறது, அப்படியானால் அந்தப் பெயரையே வைத்துவிடலாமே என்பார். எழுத்துக்காரர் சனிக்கிழமை வருகிறார். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த அக்கா இதுவரை இரண்டு முறை சிரித்திருக்கிறாள், ஒரு முறை எங்கள் வண்டி நின்ற இடத்தைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறாள். நான் கவலைப்படுகிற ஆள், எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டுதான் இருப்பேன். கதவு எண்ணை மட்டும் எழுதச் சொல்லி, அதன் கீழே ஒரு பெயருக்குத் தேவையான அளவு இடம் விடச் சொல்லப்போகிறேன். இங்கே நாங்கள் இன்னும் ஒரு கோடைகூடக் கழிக்கவில்லையே.